காத்துநில்லா வினவல்

உழைப்பு வேறு, காத்திருப்பு வேறு என்பதை யாவரும் அறிவர். ஆயினும் இரண்டிலும் காலம் ஒருபடித்தாய்க் கழிதலின், இரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்குதல் உலகியல்பாயிற்று. ஒருவன் நாள்முழுதும் ஓரிடத்தே நின்றானாயின் அவன் நாள்முழுதும் உழைத்தான் என்கின்றோம். அவன் நின்ற பொழுதிற் பெரும்பகுதி பிறர் தரும் விடைக்காகக் காத்துநின்ற பொழுது என்பதை ஆராய்வதில்லை. இம்மயக்கம் மனிதர் ஆக்கிய கணினியின் செயலிலும் புகுந்து நெடுங்காலம் நிலவியது. அதனை நீக்குதற்கு அறிஞர் கண்ட வழிகளுள் ஒன்றைப் பழவேற்காட்டு மீனவர் வழக்கங்களின் துணைகொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

சென்னைக்கு வடக்கே, தமிழ்நாட்டிற்கும் ஆந்திரத்திற்கும் பொதுவாய்க் கிடக்கும் பழவேற்காட்டு ஏரி, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுட் சிலிக்காவுக்கு அடுத்த பரப்புடையது. ஆரணியாறு, காளங்கியாறு முதலியன நன்னீர் கொணர, முகத்துவாரத்தின் வழியே வங்கக்கடல் உப்புநீர் புகுத்த, இரண்டுங் கலந்த நீரில் இறாலும் நண்டும் மடவையும் வளர்கின்றன. கரையிலுள்ள குப்பங்களின் மக்கள் இந்நீரையே வயலாகக் கொண்டவர். அவருள் ஒருவர் வலையை நீரில் இட்டுவைத்தபின், மீன் வந்து படும்வரையில் அதனைக் கையிற் பிடித்துக்கொண்டு நிற்பாரல்லர். அடையாளமாக மிதவையொன்றைக் கட்டிவிட்டு அகல்வார். கிழிந்த வலையைச் செப்பஞ்செய்வார். படகிற் புகுந்த நீரை இறைப்பார். வேறொரு வலையையும் இடுவார். உரிய பொழுதில் மிதவையைக் கண்டு திரும்பிவந்து வலையைத் தூக்குவார். வலை நீரிற் கிடக்கும் பொழுது வலைக்குரியது. வலைஞர்க்குரிய பொழுது அவர்கையிலேயே இருக்கின்றது. கணினியியலார் ஒத்தியங்கா வினவல் என வழங்குவதன் உட்கருத்து இவ்வளவே. பொருள் எளிதில் விளங்குதற்பொருட்டு யாம் அதனைக் காத்துநில்லா வினவல் எனக் குறிப்போம்.

வினவலும் துபாஷியும்

கோட்டைக்குப்பத்து மீனவர் ஒருவர், நாளை விடியலிற் கடலுக்குச் செல்லலாமா என்பதை அறியும்பொருட்டு, மாலையிற் கைப்பேசியைத் திறக்கின்றார் எனக் கொள்வோம். காற்றின் விசை, அலையின் உயரம், மீன் கூடுமிடம் ஆகியவற்றை அறிவித்தற்கு நம் நாட்டில் நிலையங்கள் உள. 1999இல் ஐதராபாத்தில் நிறுவப்பட்ட இன்காய்ஸ் என்னுங் கடல்சார் தகவல் மையம் அவற்றுட் குறிப்பிடத்தக்கது. கடல்நீரின் வெப்பத்தையும் நிறத்தையும் செயற்கைக்கோள்கள் அளந்தனுப்ப, அவற்றைக்கொண்டு மீன் கூடத்தகும் இடங்களை அம்மையம் கணித்துரைக்கின்றது. கடலின் நிறங்காணும் கோள்களுள் ஒன்றாகிய ஓஷன்சாட்-2, 2009 செப்டம்பர் 23ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அவ்வூரோ பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடக்குந் தீவு. எனவே ஏரியின் ஒருகரையினின்று விண்ணேறிய கலத்தின் செய்தி, வானையும் ஐதராபாத்தையும் சுற்றிவந்து, ஏரியின் மறுகரையிலுள்ள மீனவர் கையை அடைகின்றது.

இத்தகைய செய்திகளையெல்லாம் ஒழுங்குபெற அடுக்கிவைக்குங் களஞ்சியமே தரவுத்தளம். 1970இல் எட்கர் காட் என்னும் அறிஞர், தரவுகளை அட்டவணைகளாக நிறுத்தி அவற்றிடையே உறவுகாணும் நெறியை வகுத்து வெளியிட்டார். அந்நெறியின்வழி எழுந்தது எஸ்க்யூஎல் என்னும் வினவுமொழி. மீனவரின் கேள்வியை ஏற்கும் நிரலோ, பைத்தான் போன்ற வேறொரு மொழியில் எழுதப்பட்டிருக்கும். இவ்விரண்டிற்கும் இடைநின்று, நிரலின் கருத்தை வினவுமொழியாக்கித் தரவுத்தளத்திற்கு அனுப்பி, வந்த விடையை நிரலுக்கேற்ற வடிவிற் கொணர்ந்து தருங் கருவித்தொகுதியைத் தரவணுகு நூலகம் என்பர். ஒல்லாந்தர் 1613இற் பழவேற்காட்டிலே கெல்திரியாக் கோட்டையை அமைத்து வாணிகஞ் செய்த அந்தச் சோழமண்டலக் கரையில், அயல்நாட்டு வணிகர்க்கும் உள்நாட்டார்க்கும் இடையே துபாஷிகள் நின்றமை வரலாறு கற்றார் அறிவர். தரவணுகு நூலகம் கணினியுலகின் துபாஷி எனக் கொள்க. இக்கட்டுரையின் பொருள், அத்துபாஷி நிற்கும் முறையை மாற்றுவதைப் பற்றியதே.

நின்று கேட்கும் முறை

பழைய முறையில், துபாஷி தரவுத்தளத்தினிடம் கேள்வியைக் கொடுத்தபின் விடை வருமளவும் வாயிலிலேயே அசையாது நிற்பான். அவனை அனுப்பிய நிரலும் அவன் வருமளவும் அசையாது நிற்கும். ஒருவர் கேட்குமிடத்து இதனாற் குறையில்லை. பலர் ஒருங்கே கேட்குமிடத்துக் குறை வெளிப்படும். அதனைத் தீர்த்தற்கு முன்னோர் கண்ட வழி, ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் ஆளை நிறுத்துதல். அவ்வாளைக் கணினியியலார் இழை என்பர்.

ஒரு கணக்கால் இதனை விளக்குவோம். சேவைக்கணினியொன்றில் 20 இழைகள் உள்ளன என்றும், ஒரு கேள்விக்கு விடைவர 200 மில்லிவினாடி ஆகுமென்றும், அதனுள் இழை தானே உழைப்பது 5 மில்லிவினாடி என்றும் கொள்வோம். எஞ்சிய 195 மில்லிவினாடியும் இழை வாளா நிற்கும் பொழுதே. இந்நிலையில் ஒரு வினாடிக்கு 100 கேள்விகளுக்கு விடையளிக்கலாம். இனி, ஏதோ ஒரு காரணத்தால் விடை வருதற்கு 4 வினாடி ஆகின்றது என்று வைத்துக்கொள்க. உழைப்புச் சிறிதும் மிகவில்லை; காத்திருப்பே மிகுந்தது. ஆயினும் வினாடிக்கு 100 என்றிருந்தது 5 ஆகக் குன்றிவிடும். இருபதின்மரும் வாயிலில் நிற்கையில், இருபத்தோராவது கேள்வியை ஏற்பார் எவருமிலர். இழைகளைப் பெருக்கினால் என்னை எனின், லினக்சு அமைப்பில் ஓர் இழைக்கென வழக்கமாக ஒதுக்கப்படும் முகவரியிடம் 8 மெகாபைட்டு. பல்லாயிரம் இழைகளை நிறுத்தி மாற்றிமாற்றி இயக்குதலே கணினிக்குப் பெருஞ்சுமையாகும். ஒரே கணினி ஒரே நேரத்திற் பதினாயிரம் பேரை எங்ஙனம் ஏற்பது என்னும் வினாவை 1999இல் டான் கெகல் என்பார் எழுப்பி, அதற்கான வழிகளைத் தொகுத்துரைத்தார்.

விடை, வலைஞரின் மிதவையைப் போன்றதொன்றாயிற்று. கேள்வியை அனுப்பியபின் நிற்றலை ஒழித்து, அதற்கோர் அடையாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குச் செல்க. எந்த அடையாளத்திற்கு விடை வந்துளது என்பதை இயங்குதளமே அறிவிக்கும். அப்பொழுது விட்ட இடத்தினின்று தொடர்க. இவ்வாறு ஓரிழையே சுற்றிவந்து பலவற்றைக் கவனித்தலை நிகழ்வுச்சுழல் என்பர். 2009இல் ரையன் டால் வெளியிட்ட நோட் என்னும் அமைப்பு இம்முறையைப் பலரும் அறியச் செய்தது. 2012இல் சி ஷார்ப் மொழியின் 5ஆம் பதிப்பும், 2015இற் பைத்தானின் 3.5ஆம் பதிப்பும், ஏசிங்க், அவெய்ட் என்னும் இரு சொற்களை மொழியிலேயே சேர்த்து, இம்முறையில் எழுதுதலை எளிதாக்கின.

எச்சமும் முற்றும்

அவ்விரு சொற்களும் குறிக்கும் பொருள் ஆங்கிலங் கற்றார்க்கே புதிதாய்த் தோன்றும்; தமிழிலக்கணம் பயின்றார்க்கு அது பழகிய பொருளே. 'வலையை இட்டு' என்று ஒருவர் சொல்லி நிறுத்தினால், கேட்டோர் மேலும் ஒன்றை எதிர்நோக்குவர். வினை தொடங்கியது, முடியவில்லை, முற்றொன்றை வேண்டி நிற்கின்றது. அதனை வினையெச்சம் என நம் முன்னோர் பெயரிட்டனர். காத்துநில்லா முறையில் நூலகத்தினிடம் ஒன்றை வினவினால், அது உடனே தருவது விடையன்று. பின்னர் விடையாக நிறைவதற்குரிய ஓர் எச்சத்தையே தருகின்றது. அவெய்ட் என்னுஞ் சொல் வருமிடம் அவ்வெச்சம் முடிபுகொள்ளும் இடம்.

இன்னும் நுணுகிநோக்கின், இருமுறைக்குமுள்ள வேற்றுமையையே நம் வாய்பாடுகள் காட்டக் காண்கின்றோம். 'செய்து' என்னும் வாய்பாட்டெச்சம் தன் வினைமுதலின் வினையைக் கொண்டே முடிவது இயல்பு: 'வலைஞர் வலையை இட்டுக் காத்துநின்றார்.' ஒருவரே ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கின்றார். 'செய' என்னும் வாய்பாட்டெச்சமோ பிறிதொரு வினைமுதலின் வினையையும் ஏற்கும்: 'வலை நீரிற் கிடக்க, வலைஞர் படகைச் செப்பஞ்செய்தார்.' ஒன்று தன்பாட்டில் நடக்க, மற்றொன்று உடன் நடக்கின்றது. முன்னது நின்று கேட்கும் முறை; பின்னது காத்துநில்லா முறை. எச்சத்திற்கு முற்றுக் கொடுக்க மறந்தால் தொடர் பொருளற்றுப் போதல்போல, பைத்தானில் அவெய்ட் என்பதை எழுத மறந்தால் அவ்வினவல் நிகழாமலே ஒழியும். முற்றுப்பெறாத ஒன்று உளதென மொழியே எச்சரிக்கையும் விடுக்கும்.

துபாஷியை மாற்றுவதன் அருமை

மொழி ஆயத்தமாயிற்று. போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்களின் அடிநிலைக் கருவியும், கேள்வியை அனுப்பிவிட்டு அகலும் வழியை நெடுங்காலமாகவே கொண்டிருந்தது. ஆயினும் இடைநின்ற நூலகங்கள் எளிதில் மாறவில்லை. காரணம் நான்கு.

முதலாவது, இம்முறை தொட்டதையெல்லாம் பற்றுவது. அடியிலுள்ள ஒரு செயற்கூறு எச்சத்தைத் தருமாயின், அதனை அழைப்பதும் முற்றை எதிர்நோக்கியே நிற்றல்வேண்டும். அதனை அழைப்பதும் அங்ஙனமே. இவ்வாறு மேல்முனைவரை அனைத்தும் மாறல்வேண்டும். மறுதலையாக, சங்கிலியின் நடுவே ஒரு கண்ணி மட்டும் பழைய முறையில் நிற்குமாயின், சுழலும் ஓரிழை அங்கே நின்றுவிட, அதனை நம்பிய ஆயிரவரும் உடன் நிற்பர். நின்று கேட்கும் முறையில் ஒருவன் நின்றால் ஒருவனுக்கே கேடு. இம்முறையில் ஒருவன் நின்றால் ஊருக்கே கேடு. ஆதலின் தரவணுகு நூலகம் மாறாதவரையில், ஏனையவை மாறியதன் பயன் கைகூடாது.

2005இல் வெளியான ஜாங்கோ என்னும் பைத்தான் அமைப்பின் வரலாறு இதற்குச் சான்று. ஆண்டுரூ காட்வின் என்பாரது திட்டத்தைத் தழுவி, அதனைப் படிப்படியாக மாற்றத் தொடங்கினர். 2019 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பு புறவாயிலை மாற்றியது. 2020 ஆகஸ்டில் வந்த 3.1 பதிப்பு, கேள்வியை ஏற்கும் பகுதிகளைப் புதுமுறையில் எழுத இடந்தந்தது. தரவணுகு பகுதியோ 2022 ஆகஸ்டில் வந்த 4.1 பதிப்பிலேதான் புதுமுகம் பெற்றது. பழைய பெயர்களை மாற்றினால் உலகெங்கும் எழுதப்பட்ட நிரல்கள் பழுதாகுமாதலின், அவற்றை அவ்வாறே வைத்து, 'கெட்' என்பதற்கு இணையாக 'ஏகெட்' என்றும், 'கிரியேட்' என்பதற்கு இணையாக 'ஏகிரியேட்' என்றும் முன்னொட்டுச் சேர்த்துப் புதியவற்றை அமைத்தனர். அப்பதிப்பிலும் உள்ளே நடந்தது பழைய முறையே. அதனை வேறோர் இழையில் ஒதுக்கி நடத்தி, சுழல் நில்லாதபடி காத்தனர். வாயிலை முதலில் அமைத்துவிட்டால் உள்ளறையைப் பின்னர் மெல்லத் திருத்தலாம் என்பது அவர்தங் கருத்து.

மைக் பேயர் என்பார் 2006இல் வெளியிட்ட எஸ்க்யூஎல்ஆல்கெமி என்னும் நூலகம் வேறுவழி கண்டது. 2021 மார்ச்சில் வந்த அதன் 1.4 பதிப்பில், கிரீன்லெட் என்னுங் கருவியின் துணையால், பழைய முறையில் எழுதப்பட்ட உட்பகுதியை மாற்றாமலே, தரவுத்தளத்தோடு பேசும் அவ்வோரிடத்தில் மட்டும் அதனை இடைநிறுத்தி, விடை வந்தபின் விட்ட இடத்தினின்று தொடரச் செய்தனர். ஆண்டாண்டாகத் தேய்த்துத் தீட்டிய கருவியை எறிந்துவிடாமற் புதுப்பணிக்கு ஆக்கிக்கொண்ட இத்திறம் பாராட்டுதற்குரியது.

இரண்டாவது இடர், மறைந்து நிகழும் வினவல். இந்நூலகங்கள் பயன்படுத்துவார்க்கு எளிமை கருதி, ஒரு படகைப் பற்றிய குறிப்பைக் கையிற் கொடுத்துவிட்டு, அதன் உரிமையாளர் பெயரை நிரல் தொட்டபொழுது ஓசையின்றித் தரவுத்தளத்தினிடம் மீண்டும் ஓடிச்சென்று கேட்டுவரும். பார்வைக்கு அது பெயரைப் படித்தல். உண்மையில் அது காத்திருத்தல். புதுமுறையிற் காத்திருப்பு நிகழுமிடமெல்லாம் வெளிப்படையாக எழுதப்படல்வேண்டும். ஆதலின் எஸ்க்யூஎல்ஆல்கெமியின் புதுமுறையில் இத்தகைய மறைவினவல் இயல்பாகப் பிழையென்று தள்ளப்படுகின்றது. வேண்டுவனவற்றை முன்னரே கேட்டுப் பெறுக என நூலகம் அறிவுறுத்துகின்றது. வேகத்தை நாடித் தொடங்கிய முயற்சி, எங்கே காத்திருக்கின்றோம் என்பதை மறையாது ஒப்புக்கொள்ளும் நேர்மையையும் உடன்கொணர்ந்தது.

மூன்றாவது, பிரிக்கலாகாப் பணி. கூட்டுறவுச் சங்கக் கணக்கில் ஒருவர்பாற் கழித்த தொகையை மற்றொருவர்பாற் கூட்டல்வேண்டும். முன்னது நிகழ்ந்து பின்னது நிகழாமை தகாது. இரண்டும் ஒரே இணைப்பின்வழி, ஒரே கட்டாக நடைபெறல்வேண்டும். இழை இடையே வேறுபணிக்குச் செல்லும் புதுமுறையில், ஒருவர் கட்டிற்குள் மற்றொருவர் வினவல் புகுந்து கலத்தல் கூடும். ஆதலின் ஓரமர்வை இரு பணிகள் ஒருங்கே பயன்படுத்தலாகாது என்பது விதியாயிற்று. ஜாங்கோவின் 4.1 பதிப்பு வந்தபொழுது இத்தகைய கட்டுப்பணிகள் புதுமுறையில் இயலாதனவாகவே விடப்பட்டன. பணத்தைப் பற்றியவிடத்து விரைவினும் திட்பமே முற்படவேண்டும் என்பதை அவர் மறந்திலர்.

நான்காவது இடர், எல்லையைப் பற்றியது. அதனை விளக்குதற்கு மீண்டும் பழவேற்காட்டிற்கே செல்லல் வேண்டும்.

பாடு

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், பெயரிலேயே மாதாவைத் தாங்கிய நடுவூர் மாதாக்குப்பம் என்னும் மூன்றூர்ப் பட்டினவரிடையே 'பாடு' என்னும் முறை வழிவழியாக நிலவி வந்துள்ளது. இறால் மிகுதியாகப் படும் இடங்கள் ஏரியிற் சிலவே. வலையிட விரும்புவோரோ பலர். முந்தியவர்க்கே இடம் என்றால் நாள்தோறும் பூசல் விளையும். வலியவர்க்கே இடம் என்றால் எளியவர் பட்டினி கிடப்பர். ஆதலின் மீன்பிடி இடங்களை வரையறுத்து, சீட்டுக் குலுக்கி, இன்னார்க்கு இன்னவிடம் என்று முறைவைத்து மாற்றிமாற்றி வழங்குகின்றனர். நல்லிடமும் அல்லிடமும் அனைவர்க்கும் சுற்றி வருகின்றன. பாடு என்னுஞ் சொல் உழைப்பு, துன்பம், இடம் எனப் பலபொருள் படுதல் அறிவோம். அம்மூன்றையும் பங்கிடும் முறைக்கு அப்பெயரே அமைந்தது மிகப் பொருத்தம்.

தரவுத்தளமும் அவ்வேரி போன்றதே. போஸ்ட்கிரெசில், வேறு கட்டளை இல்லாவிடின், ஒருங்கே ஏற்கப்படும் இணைப்புகள் பெரும்பாலும் 100. ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனிச்செயல் உள்ளே இயங்கல்வேண்டும். பழைய முறையில் 20 இழைகளே இருந்தமையின், எத்துணைப்பேர் வந்தாலும் தரவுத்தளத்தை ஒருங்கே அணுகுவோர் இருபதின்மரே. இழைகளின் குறைவு, எவரும் கருதாமலே, ஓர் அணையாக நின்றது. புதுமுறை அவ்வணையை நீக்கிவிடுகின்றது. ஒரே நொடியில் 2,000 பேர் கேட்டால், சுழல் தடையின்றி 2,000 வினவல்களையும் எழுப்பும். அனைத்தும் தரவுத்தளத்தின்மேல் ஒருங்கே விழின் அது திணறும். ஆதலின் நூலகம் சில இணைப்புகளை மட்டும் திறந்துவைத்து, முறைவைத்து வழங்கி, பணி முடிந்தவுடன் திரும்பப்பெற்று அடுத்தவர்க்கு அளித்தல் வேண்டும். இதனை இணைப்புக் குளம் என்பர். எஸ்க்யூஎல்ஆல்கெமியிற் குளத்தின் இயல்பான அளவு 5 இணைப்பு. நெருக்கடியில் மேலும் 10 வரை திறக்கும். அதற்கு மேற்பட்டோர் 30 வினாடிவரை காத்திருப்பர். அதன்பின்னும் கிடையாதாயின் பிழை அறிவிக்கப்படும். இது கணினியின் பாடு.

முறையின்றிக் குளக்கரையிற் காத்திருப்பதன் கொடுமையை யோவான் சுவிசேஷத்தின் 5ஆம் அதிகாரம் கற்றார் அறிவர். பெதஸ்தாக் குளத்தருகே 38 ஆண்டு நோயுற்றுக் கிடந்தவன், நீர் கலங்கும்பொழுதெல்லாம் தனக்குமுன் வேறொருவன் இறங்கிவிடுகின்றான் என்று முறையிட்டான். குளத்திலே நீர் இருந்தது. அவனுக்கு ஒரு முறைதான் இல்லை. முந்துவார்க்கே இடமென விட்டால், எளியவன் என்றும் கடையனாகவே நிற்பான். முறைவகுத்தலும் கால எல்லை குறித்தலும் இணைப்பை உடனே திருப்பித்தருதலும் வெறும் பொறிநுட்பங்கள் அல்ல. அவற்றில் நீதியும் அடங்கியுளது. பாடுமுறைக்கும் ஒரு குறையுண்டு என்பதை மறைத்தல் ஆகாது. முறை பெறுவோர்க்குள் அது நடுநிலை பேணுகின்றது. மரபுரிமை இல்லாத ஏனையோர்க்கும், கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர்க்கும் அதில் இடமில்லை. வரிசைக்குள் நீதி செய்தபின்னும், வரிசைக்கு வெளியே நிற்பவர் யாவர் என்று கேட்டல் இரண்டிடத்தும் வேண்டும்.

பயனும் எல்லையும்

காத்துநில்லா முறை தரவுத்தளத்தை விரைவுபடுத்தாது. மிதவை கட்டிவிட்டு அகன்றமையால் மீன் விரைந்து படுவதில்லை. ஒருவர் ஒன்றை மட்டும் கேட்குமிடத்து அவருக்குப் பயன் யாதுமில்லை. சிறிது தாழ்வுங் கூடும். கணக்கிடுதலே மிகுந்த பணிகட்கும் இம்முறை உதவாது. ஆங்குக் காத்திருப்பு இல்லை, உழைப்பே உள்ளது. நாளொன்றுக்குச் சிலரே கேட்குஞ் சிறு நிலையத்திற்குப் பழைய முறையே எளிமையாற் சிறந்தது.

பயன் விளையும் இடங்கள் இரண்டு. ஒன்று, தம்முட் சாராத வினவல்கள் பல ஒருங்கே வேண்டப்படுமிடம். காற்று, அலை, சந்தைவிலை என்னும் மூன்றையும் மூன்றிடத்துக் கேட்டறிதல்வேண்டும் எனவும், ஒவ்வொன்றுக்கும் 400 மில்லிவினாடி ஆகும் எனவும் கொள்க. ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் 1,200 மில்லிவினாடி. மூன்று வலையையும் ஒருங்கே இட்டால் 400 மட்டுமே. ஆயின் மூன்றும் ஒரே தரவுத்தளத்தில் இருப்பின் மூன்று இணைப்பு வேண்டும் என்பதையும் நினைவிற்கொள்க.

மற்றொன்று, எம் கருத்திற் பெரிதும் இன்றியமையாதது. காத்திருப்பவர் பலராகவும், அவருட் பலர் மெலிந்த தொடர்புடையராகவும் இருக்குமிடம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தாப் புயல் சென்னைக்கு அருகே கரைகடந்தது. இத்தகைய நாட்களில் எச்சரிக்கை கேளாமலே வந்து சேரவேண்டும் என்பது உண்மை. ஆயினும் தம்மூரில் அலை எவ்வளவு, தம் படகு திரும்பியதா, எப்பொழுது கரைக்கு வருவது நலம் என்று ஆயிரக்கணக்கானோர் ஒரே நாழிகையில் வினவுதல் இயற்கை. அவருட் கரையில் நின்று கேட்பவர்க்கு விடை நொடியிற் சேரும். ஏரியின் நடுவிலோ கடல்மேலோ அலைவரிசை மங்கிய இடத்தில் உள்ளவர்க்கு மெல்லவே சேரும்.

நின்று கேட்கும் முறையில் அம்மெல்லிய தொடர்புடையவர் ஒவ்வொருவரும் ஓரிழையைப் பற்றிக்கொள்வர்; அவரால் ஏனையோர் தடைப்படுவர். ஆதலின் நிலையத்தார் கால எல்லையைக் குறுக்கி, விரைந்து பேசமாட்டாதாரை வெளியே தள்ள நேரும். அங்ஙனம் தள்ளப்படுவோர் யாரென நோக்கின், கரையினின்று மிகத் தொலைவில், விடை மிகவும் வேண்டிய நிலையில் இருப்பவரே என்பது புலனாகும். காத்துநில்லா முறையிலோ, மெல்ல வருபவருக்காக வைத்திருக்கவேண்டுவது சில கிலோபைட்டு அளவான ஓர் எச்சம் மட்டுமே. தரவுத்தளத்தின் விடையைப் பெற்றவுடன் இணைப்பைக் குளத்திற்குத் திருப்பிவிட்டு, அவ்விடையை மெல்லமெல்ல அவருக்கு அனுப்பலாம். எத்துணைப்பொழுது ஆயினும் பிறர்க்கு இடையூறில்லை. பொறுமைக்குரிய விலை குறைந்தமையால், மெலியார்க்காகவும் பொறுத்திருத்தல் இயல்வதாகின்றது. இம்முறையின் விரைவைப் பலர் புகழ்வர். அது தரும் பொறுமையே யாம் புகழத்தக்கதெனக் கருதுவது.

ஆயின் நூலகம் மாறியதனால் மட்டும் இப்பயன் தானே வந்துவிடாது. கால எல்லையை எவ்வளவாக வைப்பது, யாரை எவ்வளவு பொறுப்பது, குளத்தின் முறையை எங்ஙனம் வகுப்பது என்பனவற்றை நிரலெழுதுவோரே துணியவேண்டும். கல்லூரியின் வேகமான இணைப்பின்முன் அமர்ந்து நிரலெழுதும் நம் நண்பர்கள், தாம் எழுதியதைப் பழவேற்காட்டு முகத்துவாரத்திற் படகின்மேல் நின்று ஒருமுறை சோதித்துப் பார்ப்பாராயின், எவ்வெண்ணை எங்கு இடவேண்டும் என்பது அவர்க்கு விளங்கும். தமிழ் பயில்வாரும் இதனைத் தமக்கு அயலானதென ஒதுக்கவேண்டுவதில்லை. நிரலெழுதுவார் பொருளை ஆராயட்டும். அதனை மீனவர் வழக்காலும் இலக்கண நெறியாலும் விளங்கவைக்குஞ் சொற்களை நாம் தேடித்தருவோம். இரு சாராரும் கூடியிருந்து செய்யின், பழவேற்காட்டு மீனவர் மாலையிற் கேட்கும் கேள்விக்கு அவர்தம் மொழியிலேயே, அவர் படகை நீரில் தள்ளுமுன்னரே, விடை வந்துசேரும்.